விலைக்கா, இரவலுக்கா? தோட்டத்து வாசகரும் ஒரு புத்தகமும்

(ஸ்பிரிங்வெளியில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தோட்டத்தில் வீட்டு வேலையெல்லாம் வந்து குவிகிற நாள் ஞாயிற்றுக்கிழமை. துவைக்க வேண்டியது, விறகு பார்க்க வேண்டியது, பதுளைக்குப் போய்ச் சாமான் வாங்க வேண்டியது எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

அமைப்பாளர்கள் எனக்குத் தந்த கேள்வி இது: வாசகர்கள் விரும்புவது விலை கொடுத்து வாங்கும் புத்தகத்தையா, நூலகத்தில் இரவல் பெறும் புத்தகத்தையா? பட்டிமன்றத்துக்கு அருமையான தலைப்பு. சொந்தப் புத்தகமென்றால் கோடு போட்டுப் படிக்கலாம், நினைத்தபோது எடுத்துப் புரட்டலாம், எழுதியவருக்கும் நாலு காசு போய்ச் சேரும் என்று வாங்கும் கட்சி பேசும். ஒரு தடவை படித்து மூடிவைக்கிற நாவலுக்கு அத்தனை பணம் எதற்கு, வீட்டில் வைக்க இடம் எங்கே, நூலகம் பிறகு எதற்கு இருக்கிறது என்று இரவல் கட்சி கேட்கும். நடுவர் இரண்டு பக்கத்தையும் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்து போவார்.

நமுனுகுலை மலையடியில் நின்று பேசுகிற எனக்கு அப்படி எழுந்து போக முடியவில்லை. விருப்பம் என்பது இரண்டும் கைக்கெட்டுகிற தூரத்தில் இருப்பவருக்கு வருவது. ஒரு புத்தகத்தை வாங்குவதற்குக் காசு வேண்டும், கடை வேண்டும், கொண்டுவந்து வைக்க ஓர் இடம் வேண்டும். இரவல் வாங்குவதற்கு முகவரி வேண்டும், பிணை நிற்க ஆள் வேண்டும், போய்வர நேரம் வேண்டும். தோட்டத்து வாசகருக்கு இந்த ஆறில் எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று பார்த்த பிறகுதான் அவருடைய விருப்பத்தைப் பற்றிப் பேசுவது நியாயம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே ஒரு புத்தகம் எப்போதும் ஒருவர் வாங்கிப் பலர் படித்ததாகவே இருந்துவந்திருக்கிறது. வாங்கிய அந்த ஒருவர் யார் என்பதுதான் காலத்துக்குக் காலம் மாறியது. இனிமேல் அந்த ஒருவர் நாம் பலரும் சேர்ந்த ஒரு கூட்டாக இருக்கவேண்டும். இன்றைய என் பேச்சு இவ்வளவுதான். மற்றவை அதற்கான காரணங்கள்.

சம்பள நாளில் வந்த புத்தகம்

தோட்டத்துக்குப் புத்தகம் வந்தது கடை வழியாக அல்ல, தலைச்சுமை வியாபாரியின் மூட்டை வழியாக. சம்பள நாளில் துணி, வளையல், சாம்பிராணி, பஞ்சாங்கம் ஆகியவற்றோடு பெரிய எழுத்துப் புத்தகங்களும் வந்தன. நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை, மதுரை வீரன் கதை என்று சென்னையில் அச்சாகிக் கடல் கடந்து வந்தவை அவை. வாங்கியவர் லயத்தில் ஒருவராகத்தான் இருப்பார். மற்றவர்கள் கேட்டார்கள். காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் ஆடிய தோட்டங்களில், கூத்து வாத்தியாரிடம் இருந்த ஒரே ஒரு புத்தகத்தைப் பார்த்துக் கொப்பியில் எழுதிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். ஒரு பிரதிக்கு நூறு காது என்பது அன்றைய கணக்கு. அந்த நூறு பேரையும் வாசகர் பட்டியலில் சேர்க்காமல் ‘தோட்டத்தில் வாசிப்புப் பழக்கம் இல்லை’ என்று எழுதியவர்கள் பலர் உண்டு.

புத்தகம் என்றால் துரைமாருக்கு ஒரு சந்தேகமும் இருந்தது. தோட்டம் தனியார் நிலம். வெளியாள் நுழைந்தால் அத்துமீறல். தஞ்சாவூரிலிருந்து வந்து, 1921இல் ‘தேசநேசன்’ பத்திரிகையையும் 1924இல் ‘தேசபக்தன்’ பத்திரிகையையும் தொடங்கிய கோ. நடேசய்யர், புடவை வியாபாரி வேடத்தில்தான் தோட்டங்களுக்குள் போய்த் தொழிலாளரின் நிலையைப் பார்த்தார் என்பது மலையக வரலாற்றில் எல்லோரும் அறிந்த செய்தி. அவருடைய மனைவி மீனாட்சி அம்மையார் கூட்டங்களில் பாட்டுப் பாடினார். பாடிய பாட்டுகளைச் சிறு புத்தகமாக அச்சிட்டும் கொடுத்தார். ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற அவருடைய பாட்டுப் புத்தகம் 1940இல் வந்தது. பாட்டை மனப்பாடம் செய்துகொண்டால் அடுத்த டிவிசனுக்குப் புத்தகத்தைக் கொண்டுபோக வேண்டியதுகூட இல்லை. தோட்டத்து வாசலில் சோதித்தாலும் பிடிபடாத பிரதி அது.

நான் இதை நினைவுபடுத்துவதற்குக் காரணம் உண்டு. இந்த மக்கள் புத்தகத்துக்குக் காசு கொடுக்க மாட்டார்கள் என்பது பொய். வாங்கியிருக்கிறார்கள். இன்றும் வாங்குகிறார்கள். பதுளைக் கடைகளில் ஜனவரி மாதம் போய்ப் பாருங்கள். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் வழிகாட்டி, சாதாரண தரக் கடந்தகால வினாத்தாள், கணித மாதிரி வினா விடை ஆகியவற்றைத் தீபாவளி முற்பணத்தில் மிச்சம் பிடித்த காசில் வாங்கிக்கொண்டு போகிற தாய்மாரைக் காணலாம். எந்தப் புத்தகம் பிள்ளையை லயத்துக்கு வெளியே கொண்டுபோகும் என்று நம்புகிறார்களோ, அந்தப் புத்தகத்துக்கு அவர்கள் பேரம் பேசுவதில்லை. பேரம் பேசுவது கதைப் புத்தகத்துக்குத்தான். அதுவும் நியாயமே. எப்படி என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

ஒரு முழுப்பேரும் ஒரு நாவலும்

2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா ஆனது. அதற்குப் பிறகும் சம்பளப் பேச்சு ஓயவில்லை. கணக்குக்கு 2024இன் இந்த 1,350ஐ வைத்துக்கொள்வோம். சென்னையில் 350 இந்திய ரூபா விலை போட்ட ஒரு நாவலை எடுங்கள். இந்திய ரூபா நம்முடைய மூன்றரை ரூபா என்று வைத்துக்கொள்வோம். அதுவே 1,225 ரூபா. கப்பல் செலவும் கடைக்காரரின் கழிவும் சேர்ந்தால் 1,500ஐத் தொடும். அதாவது கொழுந்து மடுவத்தில் நிறுத்துப் பேர் போட்ட ஒரு முழு நாள் உழைப்பை ஒரு நாவல் விழுங்கிவிட்டு, அடுத்த நாளிலும் கொஞ்சம் கேட்கிறது. இரண்டு நாளும் கொழுந்து குறைந்து அரைப்பேர் விழுந்திருந்தால் அந்த இரண்டு நாள் சம்பளமும் போதாது.

உள்ளூரில் அச்சான புத்தகம் மலிவாக இருக்குமே என்று கேட்கலாம். 2022 மார்ச்சில் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சையே காகிதம் இல்லாமல் ஒத்திவைக்கப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். காகிதம், மை, அச்சுத்தகடு எல்லாம் வெளியிலிருந்து வருகிறவை. ரூபா விழுந்தபோது உள்ளூர்ப் புத்தகத்தின் விலையும் ஏறியது. ஏறியது பிறகு இறங்கவில்லை.

மலிவாகக் கிடைத்த காலமும் ஒன்று இருந்தது. 1970களின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, உள்ளூர் எழுத்துக்கு ஓர் இடைவெளி திறந்தது. வீரகேசரிப் பத்திரிகை நிறுவனம் பிரசுரம் தொடங்கி, கைக்கடக்கமான விலையில் நாவல்களை அச்சிட்டு, பத்திரிகை போகிற வழியெல்லாம் அனுப்பியது. தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ 1974இல் அப்படித்தான் வந்தது. பத்திரிகை முகவரிடமே நாவலும் கிடைத்ததால் பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை என்று புகைவண்டி நிற்கிற ஊரெல்லாம் புத்தகக் கடை உள்ள ஊராயின. காசும் கடையும் ஒருங்கே கிடைத்த அந்தச் சில ஆண்டுகளில் மலையகத்தில் வாங்கும் வாசகர் இருந்தார் என்பதை யாரும் மறுக்க முடியாது.

மூன்றாவது, வைக்க இடம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் அடுப்பும் படுக்கையும் சாமிப் படமும் பிள்ளையின் பாடப் புத்தகமும் போக என்ன சுவர் மிஞ்சும்? மலைப்பக்கத்துச் சுவரில் வருடத்தில் பாதி நாள் ஈரம் கசியும். தகரக் கூரையின் ஆணித் துளையில் சொட்டும் நீர் எங்கே விழும் என்று வீட்டாருக்குத் தெரியும். மழைக்கு மழை அந்த இடம் மாறும் என்பதும் தெரியும். ஆகவே புத்தகம் தகரப் பெட்டிக்குள் போகிறது. பெட்டிக்குள் போன புத்தகத்தில் பூஞ்சணம் பிடிக்கிறது. தன் புத்தகத்தைக் காப்பாற்றச் சிறந்த வழி அடுத்த வீட்டாருக்குப் படிக்கக் கொடுப்பதுதான் என்று அனுபவம் சொல்லிக்கொடுத்துவிடுகிறது.

உறையில் வாங்கப்படும் புத்தகம்

நம் நாட்டுத் தமிழ்ப் புத்தகம் உண்மையில் எங்கே விற்கிறது? கடையிலா? இல்லை. வெளியீட்டு விழாவில் விற்கிறது. இதை வெளிநாட்டார் யாருக்கும் எளிதில் விளக்க முடியாது. மங்கல விளக்கேற்றல், தமிழ்மொழி வாழ்த்து, வரவேற்புரை, ஆசியுரை, நயவுரை எல்லாம் முடிந்த பிறகு மேடையில் ஒரு சடங்கு தொடங்கும். முதற் பிரதியை ஒரு வர்த்தகப் பிரமுகர் பெற்றுக்கொள்வார். பிறகு சிறப்புப் பிரதிகள். ஒலிபெருக்கியில் பெயர் வாசிக்கப்படும். பெயருக்கு உரியவர் எழுந்து, சட்டைப் பையில் உறையைத் தடவிப் பார்த்துக்கொண்டே மேடையேறுவார். ஒரு கையால் உறை போகும், மறு கையால் புத்தகம் வரும், படம் எடுக்கப்படும். உறைக்குள் இருப்பது புத்தகத்தின் விலையைப் போல் ஐந்து மடங்காகவும் இருக்கலாம், இருபது மடங்காகவும் இருக்கலாம். மொய் எழுதுவதைப் போல, கொடுத்தவர் வீட்டு விசேஷத்துக்கு எழுத்தாளர் போயாக வேண்டும்.

இதைக் கேலி செய்ய எனக்கு உரிமையில்லை. 500 பிரதி அச்சிடுகிற நாட்டில் அச்சுக்கூடக் கடனை அடைப்பது பெரும்பாலும் அந்த உறைகள்தான். அவை இல்லாவிட்டால் நம்முடைய கவிதைத் தொகுதிகளில் பாதி அச்சேறியிருக்காது. அதே வேளையில் அந்த மண்டபத்தின் பின்வரிசையைப் பாருங்கள். தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த இளம் ஆசிரியர் ஒருவர், உயர்தரம் படிக்கிற பெண் பிள்ளைகள் நான்கு பேர். அந்தப் புத்தகத்தைப் படிக்கப் போகிறவர்கள் அவர்கள். உறை கொண்டுவராத காரணத்தால் மேடைக்குப் போகக் கூச்சப்பட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்க எழுந்துவிடுவார்கள். புத்தகம் வாங்கியவருடைய வரவேற்பறைக் கண்ணாடி அலுமாரிக்குப் போகிறது. படிக்க விரும்பியவர் வெறுங்கையோடு மலையேறுகிறார். வாங்குபவரும் வாசிப்பவரும் வேறுவேறு ஆட்களாகப் பிரிந்துபோன இந்த நிலைமைக்குப் பரிகாரம் ஒன்றைக் கடைசியில் சொல்கிறேன்.

இரவலுக்கு ஒரு முகவரி

சரி, வாங்க முடியாதவர் நூலகத்துக்குப் போகலாமே? பொது நூலகம் இலவசந்தானே?

இரவல் வழங்கும் பகுதியில் அங்கத்தவராக ஒரு படிவம் நிரப்ப வேண்டும். சபை எல்லைக்குள் வசிப்பவர் என்று காட்ட வேண்டும். பிணையாளி கையொப்பம் இட வேண்டும். சபைக்கு வரி செலுத்துபவர் பிணை நிற்பதே நெடுங்கால வழக்கம். நகரத்தாருக்கு இது ஐந்து நிமிட வேலை. தோட்டத்து மாணவிக்கு? அவளுடைய வீடு கம்பனியின் சொத்து. வரிச் சிட்டை அவள் வீட்டுக்கு வருவதில்லை. இலக்கமும் வீதிப் பெயரும் இல்லாத ஒரே முகவரியில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள். கடிதம் தோட்ட அலுவலகத்தில் இறங்கி, யார் கையிலாவது ஏறி, ஒரு நாள் வந்து சேரும். 1948இல் பிரசாவுரிமையையும் அடுத்த ஆண்டு வாக்குரிமையையும் இழந்து, தலைமுறைகள் கடந்து மீட்ட சமூகம் இது. பிணை நிற்பதற்கு ஆள் தேடுவது அவளுக்குப் புதிதல்ல, அலுத்துப்போன வேலை.

சட்டமும் நெடுங்காலம் துணை நிற்கவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டப் பகுதிக்குள் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. தோட்டத்து மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த உறுப்பினரே தோட்டத்துப் பாதைக்கு ஒரு கல் போட முடியாத நிலை. 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. பாதைக்கும் கிணற்றுக்கும் திறந்த அந்தக் கதவு வழியாக வாசிகசாலையும் உள்ளே வரலாம். கேட்க வேண்டியவர்கள் நாம்.

கடைசியாக நேரம். காலையில் பிரட்டுக் களம், மாலையில் கொழுந்து நிறுவை. நூலகம் திறந்திருக்கும் நேரமும் மலையில் நிற்கிற நேரமும் ஏறக்குறைய ஒன்று. எடுத்த புத்தகத்தை வழக்கமான இரண்டு வாரத் தவணைக்குள் திருப்பிக் கொடுக்க மறுபடியும் பஸ் கட்டணம். தாமதித்தால் தண்டப்பணம். ஆக, இலவசமாகக் கிடைக்கிற இரவலுக்குப் போக்குவரத்தும் அரைநாள் சம்பளமும் விலையாகிவிடுகின்றன.

இதை உணர்ந்தவர்கள் முன்பே இருந்தார்கள். வாசகர் நூலகத்துக்கு வர முடியாவிட்டால் நூலகம் வாசகரிடம் போகவேண்டும் என்று சீர்காழிக்காரரான நூலகவியலாளர் எஸ்.ஆர். ரங்கநாதன் வற்புறுத்திய காலத்தில், 1931இல், மன்னார்குடிப் பக்கத்தில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். யாழ்ப்பாணத்தில் க.மு. செல்லப்பா 1933இல் தன் வீட்டிலிருந்த புத்தகங்களை ஊராருக்குக் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஆஸ்பத்திரி வீதியில் 844 புத்தகங்களோடு ஓர் அறை திறக்கப்பட்டது. பின்னாளில் ஏறக்குறைய 97,000 நூல்களோடு வளர்ந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் பிறப்பு அதுதான். மாட்டு வண்டியும் சரி, வீட்டுத் திண்ணையும் சரி, முதலில் ஒருவர் தன் காசில் வாங்கிவைத்த புத்தகத்திலிருந்தே தொடங்கின.

இரவல் எழுத்தாளரைக் கெடுக்குமா?

புத்தகம் எழுதுகிற நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு: எல்லோரும் இரவல் வாங்கிப் படித்தால் நாங்கள் எப்படி வாழ்வது? நேர்மையான கேள்வி. டென்மார்க் 1946இலும் பிரித்தானியா 1979இலும் இதற்கு ஒரு வழி கண்டன. நூலகத்தில் இருக்கும் புத்தகத்துக்காக எழுத்தாளருக்கு அரசு பணம் கொடுக்கும் சட்டம் அது. பிரித்தானியாவில் இரவல் போகும் தடவைகளைக் கணக்கிட்டுக் கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் வேறு வழி. 1948இல் சென்னை மாகாணம் இயற்றிய பொது நூலகச் சட்டம் வீட்டு வரியோடு நூலக வரியையும் சேர்த்தது. அந்த நிதியில் அரசு ஒரு தலைப்பில் சில நூறு முதல் ஆயிரம் பிரதி வரை வாங்கி நூலகங்களுக்கு அனுப்புகிறது. அந்த ‘நூலக ஆணை’ வருமா வராதா என்பதைப் பார்த்துத்தான் அங்கே பல பதிப்பாளர்கள் அச்சகத்துக்குப் போகிறார்கள். ஆகவே நூலகம் எழுத்தாளரின் எதிரியல்ல. ஒழுங்காக இயங்கினால் அவருக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய வாடிக்கையாளர்.

நம்முடைய சொந்த இலக்கியத்தையே எடுங்கள். ஊவாக் கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்து, தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராக இருந்து, அந்தப் பெயரையே தன் பெயருக்கு முன்னால் சேர்த்துக்கொண்டவர் ஜோசப். அவருடைய ‘நாமிருக்கும் நாடே’ சிறுகதைத் தொகுதியைப் பதுளைக்காரரான மு. நித்தியானந்தன் 1979இல் வைகறை வெளியீடாகக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு அதே வைகறை என்.எஸ்.எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ தொகுதியைத் தந்தது. அதற்கடுத்து சி.வி. வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவன்’. மலையகத்தின் மூன்று அடிப்படைப் புத்தகங்களை அச்சேற்றியது ஒரு பதுளைக்காரரின் முயற்சி என்பதை இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் அறிவார்கள்?

இன்று அந்த முதற் பதிப்புகளை வாங்கப் போனால் எந்தக் கடையிலும் இல்லை. சில நூறு பிரதிகள் அச்சாகும் புத்தகத்தின் கடை ஆயுள் சில ஆண்டுகள். அதற்குப் பிறகு வாங்குவதா இரவலா என்ற தெரிவே வாசகருக்குக் கிடையாது. யாராவது வைத்திருந்தால் இரவல், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. புதிய புத்தகத்தைக் கடை காப்பாற்றும், பழைய புத்தகத்தை நூலகமும் வீட்டு அலுமாரியுமே காப்பாற்றும்.

இரண்டையும் சேர்த்துச் சொல்வதற்கு ஒரு கசப்பான காரணம் உண்டு. 1981 மே 31 நள்ளிரவு கடந்து யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது, ஓரிடத்தில் சேர்த்து வைத்ததெல்லாம் ஓரிடத்திலேயே போனது. ஊரூராக வீடுகளில் சிதறிக் கிடந்த பிரதிகள் தப்பின. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத் திட்டம் ஈழத்து, மலையகத்துப் புத்தகங்களை மின்வடிவாக்கியபோது, தனியாட்கள் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த பிரதிகளும் அதற்குக் கைகொடுத்தன. இன்று நம் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் காசில்லாமல் திறந்து பார்க்கிற பக்கங்களில் பல, என்றோ ஒருவர் விலைகொடுத்து வாங்கித் தகரப் பெட்டியில் வைத்த புத்தகத்தின் பக்கங்கள். வாங்கியவரை இரவல் வாங்குபவர் மறக்கக் கூடாது.

கைமாற்று

ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். 1970களின் வீரகேசரிப் பிரசுர நாவல் ஒன்றை இந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் பார்த்தேன். மேலட்டை போய்விட்டது, அதற்குப் பதிலாக மாதக் கலண்டர் தாளை மடித்து ஒட்டியிருந்தார்கள், முருகன் படம் உள்பக்கமாக. முதல் பக்கத்தில் நீல மையில் ஒரு பெயரும் டிவிசனும். கீழே பென்சிலில் இன்னொரு பெயர். அதற்குக் கீழே சிவப்பு மையில் மூன்றாவது. அந்தக் கையெழுத்து ஒரு பாடசாலைப் பிள்ளையுடையது. மஞ்சள் விரல் பட்ட தடம் சமையலுக்கு இடையில் படித்தவரைக் காட்டியது. ஒரு பக்கத்தின் ஓரத்தில் யாரோ கொழுந்து நிறையைக் கூட்டிப் பார்த்திருக்கிறார்கள். கடைசிப் பக்கத்தில் ‘படித்துவிட்டுத் திருப்பித் தரவும்’ என்ற வேண்டுகோள். அதன் கீழே வேறொரு கையில் ‘யாரிடம்?’ என்ற கேள்வி.

இதுதான் நம்முடைய நூலகம். இதற்குப் படிவமில்லை, பிணையில்லை, தண்டப்பணமில்லை. சீனி, அரிசி, நூறு ரூபா போலவே புத்தகமும் கைமாற்றாகப் போகிறது. இதன் பலம் நம்பிக்கை. பலவீனமும் அதே நம்பிக்கைதான்: நான்காவது கைக்குப் போன பிறகு புத்தகம் எங்கே என்று கேட்பது நாகரிகமில்லை. கேட்டால் மனத்தாங்கல். ஆகவே வாங்கியவர் அடுத்த தடவை வாங்கத் தயங்குகிறார். கைமாற்று ஒழிந்துபோக வேண்டாம். அதற்கு ஒரு கணக்கு மட்டும் வேண்டும். கணக்கோடு கொடுக்கல் வாங்கல் செய்ய நமக்குத் தெரியாதா?

புத்தகச் சீட்டு

தோட்டத்தில் சீட்டுப் பிடிக்காத வீடு அபூர்வம். மரண உதவிச் சங்கம் இல்லாத தோட்டமும் அபூர்வம். கொப்பியில் பெயர் எழுதி, மாதாமாதம் காசு சேர்த்து, முறைவைத்துக் கொடுத்து, கடைசிச் சதம் வரை கணக்குக் காட்டும் ஆற்றல் எந்தப் பட்டமும் இல்லாத நம் பெண்களிடம் உண்டு. அதே முறையில் ஒரு புத்தகச் சீட்டுப் பிடிக்கலாம் என்பது என் யோசனை.

ஒரு டிவிசனில் 20 பேர். ஆளுக்கு மாதம் 200 ரூபா. 4,000 ரூபா சேரும். அந்த 1,500 ரூபா நாவலைவிட விலை குறைந்தவையாகப் பார்த்தால் மூன்று அல்லது நான்கு புத்தகம் வாங்கலாம். எந்தப் புத்தகம் என்பதை அந்த மாதம் சீட்டு எடுத்தவர் தீர்மானிப்பார். முதலில் படிப்பவரும் அவரே. பிறகு கொப்பியில் எழுதி மற்றவர்களுக்குச் சுற்றில் போகும். சுற்று முடிந்ததும் புத்தகம் பொது அலுமாரிக்கு வரும். ஆண்டு முடிவில் சுமார் 40 புத்தகம். ஐந்தாண்டில் 200. தெரிந்தெடுத்து வாங்கும் மகிழ்ச்சியும் கிடைக்கிறது, இரவலின் சிக்கனமும் கிடைக்கிறது. அலுமாரி கோயில் மண்டபத்திலோ பிள்ளைக் காம்பராவிலோ இருக்கட்டும். பிள்ளையை விடவும் கூட்டிவரவும் தாய்மார் தினமும் போகிற இடம் பிள்ளைக் காம்பரா. தனியாகப் பஸ் கட்டணம் வேண்டாம்.

இது ஏழைகளின் தற்காலிக ஏற்பாடு என்று யாரும் நினைக்கவேண்டாம். 1731இல் பிலடெல்பியாவில் பெஞ்சமின் ஃபிராங்ளின் செய்தது இதேதான். தனியாக வாங்க வசதியில்லாத 50 பேர் ஆளுக்கு 40 ஷில்லிங் போட்டுத் தொடங்கிய கூட்டு நூலகம் அது, இன்றும் இயங்குகிறது.

சாவி யாரிடம், தொலைந்தால் யார் பொறுப்பு, கட்சிக்காரர் நுழைந்துவிட மாட்டாரா என்று கேட்பீர்கள். மரணச் சங்கத்துக்கு என்ன விதியோ அதே விதி. தொலைத்தவர் விலையைக் கட்டவேண்டும். கட்சிக் கொடி அலுமாரியில் ஏறக்கூடாது.

இன்னும் மூன்று வேண்டுகோள். முதலாவது, நூலகங்களை நடத்தும் சபைகளுக்கு: வரிச் சிட்டை இல்லாத தோட்டத்துப் பிள்ளைக்கு அதிபரோ கிராம உத்தியோகத்தரோ கையொப்பமிட்டால் அங்கத்துவம் கொடுங்கள். புத்தகச் சீட்டுக் குழு ஒன்று மொத்தமாக 30 புத்தகம் மூன்று மாதத்துக்கு இரவல் கேட்டால் அதற்கும் வழி செய்யுங்கள். இரண்டாவது, எழுத்தாள நண்பர்களுக்கு: வெளியீட்டு விழாவில் சிறப்புப் பிரதி பெறுகிறவருக்கு ஒரு பிரதி கொடுக்கும்போது, அவர் உறையின் பேரில் இன்னொரு பிரதியைத் தோட்டத்து அலுமாரி ஒன்றுக்கு எழுதிவையுங்கள். அவர் பெயரை அந்தப் பிரதியில் பொறியுங்கள். கண்ணாடி அலுமாரியில் கிடைக்காத புகழ் அவருக்கு அங்கே கிடைக்கும். மூன்றாவது, ஊரைவிட்டுக் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போன பிள்ளைகளுக்கு: தீபாவளிக்கு வரும்போது தொலைக்காட்சிப் பெட்டியோடு நான்கு புத்தகமும் கொண்டுவாருங்கள். படித்து முடித்த பழைய புத்தகமானாலும் பரவாயில்லை.

அமைப்பாளர்களின் கேள்விக்கு என் பதில் இதுதான். தோட்டத்து வாசகர் வாங்கவும் விரும்புகிறார், இரவல் பெறவும் விரும்புகிறார். இரண்டுக்கும் வழி குறைவாக இருப்பதால் கைமாற்றில் காலம் தள்ளுகிறார். இரவல் வாங்கிப் படித்துப் பழகிய பிள்ளைதான் சொந்தச் சம்பளம் வந்ததும் கடைக்குப் போய் வாங்குவாள் என்பது என் நம்பிக்கை. அவளுக்கு முதலில் படிக்கக் கொடுக்க வேண்டிய பொறுப்பு நம்முடையது. இந்த அறக்கட்டளையின் அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு வருகிறவர், எந்த டிவிசனில் புத்தகச் சீட்டு ஓடுகிறது, எந்த டிவிசனில் முறிந்தது, ஏன் முறிந்தது என்று கணக்குக் கேட்கட்டும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்களுக்காக வாசலருகே மேசையில் ஒரு கொப்பி வைக்கச் சொல்லியிருக்கிறேன். முதல் மாதத்து 200 ரூபாவை என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள்.